மைதானத்துக்குள் ஒரு கடை

ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. அப்படியானால் ஸ்போர்ட்ஸ் கேம் எல்லாமே பிள்ளைகளுக்கு ஏற்றதா? கைப்பேசியைக் கொடுக்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியது என்ன?

போன கோடை விடுமுறையில் ஒரு நாள் அக்கா போன் செய்தாள். "இவன் ஒரு கிரிக்கெட் கேம் இறக்கி வச்சிருக்கான்டி. மூணு வயசுக்கு மேல யார் வேணா ஆடலாம்னு போட்டிருக்கு. ஆனா எடுத்தா கீழ வைக்க மாட்டேங்கிறான். குடுக்கலாமா வேண்டாமா, நீ ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லேன்."

பையனுக்குப் பத்து வயது. கிரிக்கெட்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். சித்தி தன்னோடு கேம் ஆட வந்திருக்கிறாள் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாயில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தன் அணியை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தான்.

முதல் ஆட்டம் அருமையாகப் போனது. நான் பந்து வீசினேன், ஃபீல்டர்களை எங்கே நிறுத்துவது என்று அவன் சொன்னான். "தேர்ட் மேனை உள்ள கொண்டு வாங்க சித்தி. இல்லேன்னா தட்டிவிட்டே சிங்கிள் எடுத்துட்டு இருப்பான்" என்றான். சொன்னபடி செய்தேன். இரண்டாவது பந்தில் கேட்ச். அவன் வயதில் எனக்கு தேர்ட் மேன் எந்தப் பக்கம் நிற்பார் என்றே தெரியாது.

ஆட்டம் முடிந்தது. அப்போதுதான் திரையில் இன்னொரு உலகம் திறந்தது. இன்று வந்ததற்கு ஒரு பரிசுப் பெட்டி. தொடர்ந்து ஏழு நாள் வந்தால் பெரிய பெட்டி. ஒரு விளம்பரம் பார்த்தால் ஜெயித்த காயின் இரட்டிப்பு. அவன் அணித்தலைவரின் மட்டைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு தேய்ந்துகொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு மேட்ச்தான் சித்தி, அப்புறம் பேட் உடைஞ்சிடும்" என்றான், நிஜமாகவே வீட்டில் ஒரு பொருள் உடையப்போவது போன்ற கவலையோடு. புது மட்டை வேண்டுமென்றால் தங்கப் பெட்டியைத் திறக்க வேண்டும். அதற்கு ஜெம் வேண்டும். ஜெம்முக்குப் பணம் வேண்டும், அல்லது பல நாள் காத்திருக்க வேண்டும்.

சேர்த்து வைத்திருந்த ஜெம் முழுவதையும் போட்டு அன்று ஒரு பெட்டியைத் திறந்தான். பெட்டி குலுங்கியது. இடுக்கில் வெளிச்சம் கசிந்தது. மேளம் போல ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போனது. பையன் மூச்சை அடக்கிக்கொண்டான். வந்தது ஒரு ஜோடி கையுறை. ஏற்கெனவே அவனிடம் இருப்பது.

முகம் விழுந்தது. ஆனால் ஒரு கணம்தான். "இன்னொன்னு திறந்தா கண்டிப்பா வரும் சித்தி" என்றான்.

அந்தக் 'கண்டிப்பா' எனக்குள் தங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் பந்தும் மட்டையுமாக நாங்கள் ஆடியது 34 நிமிடம். மீதி 26 நிமிடமும் பெட்டி, விளம்பரம், கடை. அக்காவுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து படித்து, கேட்டு, யோசித்துச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

கேம்களுக்கு வயது எண் போடும் வழக்கம் ஒரு பயத்தில் பிறந்தது. 1993-இல் அமெரிக்க செனட் சபை, வன்முறை நிறைந்த வீடியோ கேம்களைப் பற்றி விசாரணை நடத்தியது. அரசே சட்டம் போட்டுவிடுமோ என்ற நிலையில், கேம் துறை தானாகவே 1994-இல் 'இஎஸ்ஆர்பி' என்ற மதிப்பீட்டு அமைப்பை உருவாக்கிக்கொண்டது. ஐரோப்பாவில் 2003-இல் 'பெகி' வந்தது. 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படிகள்.

இந்தியாவில் கேம்களுக்கென்று திரைப்படத் தணிக்கை வாரியம் போல ஓர் அமைப்பு கிடையாது. ஆண்ட்ராய்டு போனின் பிளே ஸ்டோரில் நாம் பார்க்கும் '3+', '12+' எல்லாம் 'ஐஏஆர்சி' என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் வழியாக வருபவை. கேமைத் தயாரித்தவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புவார். ரத்தம் உண்டா, ஆபாசம் உண்டா, போதைப்பொருள் உண்டா, சூதாட்டக் காட்சி உண்டா என்று கேள்விகள். அந்தப் பதில்களைக் கொண்டு எண் தானாக வரும். பிறகு சரிபார்ப்பு உண்டு என்றாலும், முதல் வாக்குமூலம் தயாரிப்பாளருடையது.

அந்தக் கேள்விகள் வீண் என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. 'டபிள்யூடபிள்யூஇ 2கே' மல்யுத்த கேம்களுக்கு அமெரிக்காவில் 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான மதிப்பீடு, ஐரோப்பாவில் 16. கூண்டுச் சண்டை கேமான 'யுஎஃப்சி 5' அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல். பிள்ளை ஆசைப்படுகிறான் என்று மல்யுத்த கேமை ஏழு வயதுப் பையனுக்கு வாங்கித் தரப்போகும் தகப்பன், அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்துத் தயங்கினால் அந்த எண் தன் கடமையைச் செய்துவிட்டது.

கிரிக்கெட், கால்பந்து, கூடைப்பந்து என்று வரும்போதுதான் சிக்கல். இவற்றில் யாரும் யாரையும் கொல்வதில்லை. அதனால் எண் 3-லேயே நின்றுவிடுகிறது. ஒரு கேம் பிள்ளைக்கு என்ன காட்டுகிறது என்று இந்த எண் சொல்லும். அந்த கேம் பிள்ளையிடம் என்ன கேட்கிறது என்று சொல்லாது. காசு கேட்கிறதா, தினமும் வரச் சொல்கிறதா, முன்பின் தெரியாதவரோடு பேச வைக்கிறதா? கையுறை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகனிடம் கேட்கப்பட்டது இதெல்லாம்தான்.

ஒரே ஆட்டம், 0 எப்படி 12 ஆனது?

இந்த இடைவெளியை வெளிச்சம் போட்டுக் காட்டிய நாடு ஜெர்மனி. அங்கே கேம்களுக்கு வயது போடும் அமைப்பு 'யுஎஸ்கே'. 2022-இல் வந்த 'ஃபிஃபா 23' கால்பந்து கேமுக்கு அது கொடுத்த எண் 0. அதாவது வயது வரம்பே இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில், அதைத் தயாரித்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், ஃபிஃபா அமைப்போடு பெயர் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால், 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24' என்ற பெயரில் தன் கால்பந்து கேமை வெளியிட்டது. அதற்கு யுஎஸ்கே கொடுத்த எண் 12.

மைதானம் அதே மைதானம், பந்து அதே பந்து. மாறியது கேள்வி. ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து 2023 முதல், கேமுக்குள் நடக்கும் விற்பனை, அதிர்ஷ்டத்தை நம்பி வாங்கும் பொருட்கள், 'இப்போதே செய்' என்று ஆட்டக்காரரை நெருக்கும் ஏற்பாடுகள் எல்லாவற்றையும் வயது மதிப்பீட்டில் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அதே கேமுக்கு மற்ற ஐரோப்பிய நாடுகளில் பெகி கொடுத்த எண் 3. எல்லையின் இந்தப் பக்கம் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்று எண் சொல்கிறது. அந்தப் பக்கம் இருக்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கே ஆகாது என்கிறது இன்னொரு எண். இரண்டில் எது சரி என்று கேட்கும் முன், கடைக்குள் போய்ப் பார்த்துவிடலாம்.

பொட்டலத்துக்குள் யார்?

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் முதல் ஃபிஃபா கேம் 1993-இல் வந்தது. பல ஆண்டுகள் அது ஒரு முறை காசு கொடுத்து வாங்கி ஆடும் பொருளாகவே இருந்தது. 2009-இல் 'அல்டிமேட் டீம்' என்ற பகுதி சேர்ந்தது. அதில் உங்கள் அணியை நீங்களே சேர்க்க வேண்டும். வீரர்கள் அட்டைகளாக வருவார்கள். அட்டைகள் 'பேக்' எனப்படும் மூடிய பொட்டலத்தில் இருக்கும். ஆடி ஆடிச் சேர்த்த காயினைக் கொடுத்தும் பொட்டலம் வாங்கலாம். உண்மையான பணத்தில் பாயின்ட் வாங்கி, அதைக் கொடுத்தும் வாங்கலாம். உள்ளே யார் இருக்கிறார் என்பது திறந்தால்தான் தெரியும்.

திறக்கும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். நல்ல வீரர் வந்திருந்தால் உடனே காட்டிவிட மாட்டார்கள். முதலில் அவர் நாட்டின் கொடி. பிறகு அவர் ஆடும் இடம். பிறகு கிளப்பின் சின்னம். யார், யார் என்று மனம் அலையும்போதுதான் ஆள் நடந்து வருவார். அந்தச் சில விநாடிகளில் ஒரு சிறுவனின் உடம்பு முழுக்கக் கண்ணாகிவிடும். பெரும்பாலான நேரம் அந்த நடை யாருக்கும் கிடைப்பதில்லை. வாய்ப்பு விகிதத்தை 2018-இல் வந்த ஃபிஃபா 19 முதல் காட்டுகிறார்கள். மிக அரிய அட்டைகளுக்கு அது 1 சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த அணி அடுத்த ஆண்டு புது கேம் வந்ததும் கூட வராது. மறுபடி முதல் பொட்டலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், கால்பந்து உட்பட தன் விளையாட்டு கேம்களில் உள்ள அல்டிமேட் டீம் பகுதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு வந்த வருமானம் 160 கோடி டாலருக்கு மேல். மைதானத்துக்குள் இருக்கும் கடையின் அளவு அது.

இது சூதாட்டமா? இந்தக் கேள்வியில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. பெல்ஜியத்தின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018 ஏப்ரலில் இதைச் சூதாட்டம் என்றே சொன்னது. 2019 ஜனவரி முடிவில் நிறுவனம் அங்கே பாயின்ட் விற்பதை நிறுத்திக்கொண்டது. நெதர்லாந்து 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆனால் 2022 மார்ச்சில் அங்கேயுள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம், பொட்டலம் திறப்பது தனி ஆட்டமல்ல, திறமையால் ஆடும் பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்று சொல்லி அதை ரத்து செய்தது. பிரிட்டனில் 2019-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஆஜரான நிறுவனத்தின் பிரதிநிதி, இதைக் கடையில் விற்கும் ஆச்சரிய முட்டை மிட்டாயோடு ஒப்பிட்டார். குழு ஏற்கவில்லை, குழந்தைகளுக்கு விற்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2022-இல் அரசு, சட்டத்தை மாற்றப்போவதில்லை, துறையே திருந்தட்டும் என்று விட்டுவிட்டது.

கூடைப்பந்து இன்னும் வெளிப்படையாகப் போனது. 2019-இல் 'என்பிஏ 2கே20' கேமுக்கு வந்த முன்னோட்டக் காணொளியில் சூதாட்ட விடுதிகளில் இருக்கும் சுழல் இயந்திரமும் சுழற்சிச் சக்கரமும் கொண்டாட்டமாகக் காட்டப்பட்டன. அதன் ஐரோப்பிய வயது எண் 3. எதிர்ப்பு கிளம்பியது. சூதாடக் கற்றுக்கொடுக்கும் அல்லது அதை மினுக்கிக் காட்டும் புது கேம்களுக்கு 18 என்று பெகி பின்னர் விதியை இறுக்கியது. 2020 ஏப்ரலில், கேமுக்குள் வாங்கும் பொருட்களில் அதிர்ஷ்டப் பொருட்களும் உண்டு என்ற எச்சரிக்கை வரியை பெகியும் இஎஸ்ஆர்பியும் சேர்த்தன. அந்த வரி எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்?

பபுள்கம் அட்டையும் சுரண்டல் சீட்டும்

இதைச் சொன்னபோது அத்திம்பேர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "நாமளும்தான் பபுள்கம் வாங்கி, உறைக்குள்ள இருக்குற ரன் சீட்டு சேத்தோம். அதுல என்ன கெட்டுப்போய்ட்டோம்?"

உண்மைதான். நானும் சேர்த்தேன். ஆறு ரன் சீட்டுக்காக எத்தனை பபுள்கம் மென்றிருப்பேன்! ஆனால் அந்த ஆசைக்கு நாலு பக்கமும் வேலி இருந்தது. அப்பா கொடுத்த ஒரு ரூபாய் என் உள்ளங்கையில் இருந்தது; கொடுத்தால் கை காலியானது தெரியும். பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு அம்மாவைத் தெரியும். மூன்றாவது தடவை போனால் "போதும் பாப்பா, வீட்டுக்குப் போ" என்பார். ராத்திரி கடை மூடிவிடும். இரட்டையாக வந்த சீட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் மாற்றிக்கொள்ளலாம்.

கைப்பேசிக் கடையில் அண்ணாச்சி இல்லை, கதவும் மூடுவதில்லை. காசு காயினாகி, காயின் ஜெம்மாகி, எது எவ்வளவு என்பதே பிள்ளைக்கு மறந்துபோகிறது. நான் பார்த்த கேமில் தங்கப் பெட்டியின் விலை 100 ஜெம். கடையில் விற்ற சின்னப் பொட்டலம் 80 ஜெம். இரண்டு வாங்கினால் 60 மிச்சம் நிற்கும். அந்த மிச்சம் அடுத்த முறை வாங்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். பிள்ளை எங்கே நிறுத்துகிறான், எப்போது திரும்புகிறான் என்ற கணக்கும் இயந்திரத்திடம் இருக்கிறது. பபுள்கம்முக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரி விற்பனைக்கே தடை போட்டது. தினக்கூலியை அப்படியே சுரண்டல் சீட்டில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய மனிதர்களை நாம் தெருத்தெருவாகப் பார்த்திருந்தோம். இந்தச் சீட்டு ஒன்றும் இல்லை, அடுத்த சீட்டில் கண்டிப்பாக விழும் என்றுதான் அவர்களும் நம்பினார்கள். பத்து வயதுப் பையனின் வாயிலிருந்து அதே 'கண்டிப்பா' வந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அவன் தோற்ற தொகை ஒன்றுமில்லை. பழகும் நினைப்புதான் பயமாக இருக்கிறது.

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வில், இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளில் அதிகம் செலவு செய்பவர்களிடம் சூதாட்டச் சிக்கலும் அதிகம் காணப்பட்டது. பெட்டி சூதாட்டத்துக்கு இழுக்கிறதா, சூதாட்ட மனம் உள்ளவர்கள் பெட்டியை நாடுகிறார்களா என்பதை அந்த ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும், பிள்ளைகளின் கையில் கொடுக்கும் முன் நிதானிக்க அது போதும்.

நல்லதையும் சொல்ல வேண்டும்

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே போனைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கேம்களால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நன்மையை என் கண்ணாலேயே பார்த்தேன். தேர்ட் மேனை ஏன் உள்ளே கொண்டு வர வேண்டும் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்த பிள்ளை, ஆட்டத்தைப் படித்திருக்கிறான். கால்பந்து கேம் ஆடும் பிள்ளைகளுக்கு நாட்டுக் கொடிகளும் ஊர்ப் பெயர்களும் பாடப்புத்தகம் இல்லாமலே தெரிகின்றன. 2015-இல் வந்த ஃபிஃபா 16-இல் முதன்முதலாக 12 நாடுகளின் பெண்கள் அணிகள் இடம்பெற்றன. கால்பந்தில் பெண்கள் ஆடுவதை அங்கேதான் முதலில் பார்த்த பிள்ளைகள் உண்டு.

மழை நாளில் அண்ணனும் தங்கையும் ஒரே திரையின் முன் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டு ஆடுவது நல்ல காட்சி. ஓடியாட முடியாத உடல்நிலையில் இருக்கும் பிள்ளைக்கு, மைதானத்தில் இறங்கும் சந்தோஷத்தை இது ஓரளவு கொடுக்கிறது. தோற்பதைப் பழக்குகிறது. அதுவும் ஒரு கல்விதான்.

இன்னொரு வழியில் கேம் செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. கல்லூரி நாட்களில் எங்கள் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகளில் எல்லாம் 'கிரிக்கெட் 07' ஓடிக்கொண்டிருக்கும். 2006-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸே வெளியிட்ட கேம். கடை இல்லை, பெட்டி இல்லை, 'நாளைக்கு வா' என்ற நச்சரிப்பு இல்லை. இன்றும் அதைத் தேடிப்பிடித்து ஆடுபவர்கள் இருக்கிறார்கள். கார்களை வைத்துக் கால்பந்து ஆடும் 'ராக்கெட் லீக்' கேம், காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டது. என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே காட்டிவிட்டு விற்கும் முறைக்கு மாறியது. பெட்டி போனதும் ஆட்டம் செத்துவிடவில்லை.

ஒரு மணி நேரம், ஐந்து கேள்விகள்

ஒரு கேம் உங்கள் பிள்ளைக்கு ஏற்றதா என்று தெரிந்துகொள்ள, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆடிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆடும்போது இந்த ஐந்தையும் கவனியுங்கள்.

1. கடை எங்கே இருக்கிறது? பிளே ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழேயே விளம்பரம் உண்டா, உள்ளே வாங்கும் பொருட்கள் உண்டா என்று எழுதியிருக்கும். கேமுக்குள் போய்க் கடையைத் திறந்து, மிக அதிக விலை எவ்வளவு என்று பாருங்கள். பிள்ளைகளுக்கான கேமில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஒரு பொட்டலம் எதற்கு என்று உங்களுக்கே தோன்றும்.

2. வாங்குவது என்னவென்று தெரிந்து வாங்குகிறோமா? 'இந்த மட்டை, இந்த விலை' என்றால் அது வியாபாரம். 'பெட்டியைத் திற, என்ன வருகிறதோ பார்' என்றால் அது சீட்டு. இரண்டாவது வகை இருந்தால், பிள்ளை பதின்ம வயதைத் தாண்டும்வரை அதற்குக் காசு கொடுப்பதில்லை என்று வீட்டில் ஒரு விதி இருக்கட்டும்.

3. நிறுத்த விடுகிறதா? ஓர் ஆட்டம் முடிந்ததும் இயல்பாக எழுந்து போக முடிகிறதா? அல்லது இன்னும் 3 மணி நேரத்தில் பெட்டி திறக்கும், இன்று வராவிட்டால் ஏழு நாள் கணக்கு அறுந்துபோகும் என்று காலில் கயிறு கட்டுகிறதா? உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' என்பதை 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேம் முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும், பொதுவாக ஓராண்டு காலம் நீடித்தால்தான் அந்தப் பெயர். சும்மா பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைக்கு அந்த முத்திரையைக் குத்திவிட வேண்டாம். ஆனால் கயிறு கட்டும் கேமை முதலிலேயே அடையாளம் காணலாம்.

4. யாரோடு ஆடுகிறான்? கேமின் குணம் சாதுவாக இருக்கலாம். எதிரே ஆடுபவரின் வாய்க்கு எந்த எண்ணும் பொறுப்பேற்காது. ஆன்லைனில் ஆடினால் குரல் உரையாடல், குறுஞ்செய்தி, நண்பர் அழைப்பு மூன்றும் எங்கே இருக்கின்றன என்று தேடி அணைத்து வையுங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் பெற்றோருக்கான கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. கைப்பேசிக்கு 'ஃபேமிலி லிங்க்' செயலி இருக்கிறது.

5. இடையில் வரும் விளம்பரம் எதற்கு? கேம் 3+ ஆக இருக்கலாம். நடுவில் பணம் கட்டி ஆடும் ஆட்டத்துக்கோ கடன் செயலிக்கோ விளம்பரம் வந்தால், அந்த 3+ என்ற எண்ணுக்கு உங்கள் வீட்டில் அர்த்தம் இல்லை.

கடைசியாக ஒன்று. ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். கார்டு விவரத்தைச் சேமித்து வைக்க வேண்டாம். யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லி, "மளிகைக் கடைக்கு அனுப்பிடு கண்ணா" என்று போனைக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. அதை இன்றே நிறுத்துங்கள்.

சட்டம் எதுவரை வரும்?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் மீது நம் சட்டங்கள் கடுமையாகவே இருக்கின்றன. தமிழ்நாடு 2025-இல் கொண்டுவந்த விதிகள், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் நுழையவே தடை விதித்தன. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாருமே ஆடக் கூடாது என்றன. சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகளை அதே ஆண்டு ஜூனில் உறுதி செய்தது. ஆகஸ்டில் மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம், பணத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டும் ஆட்டங்களையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது.

ஆனால் அல்டிமேட் டீம் பொட்டலத்திலிருந்து வருவது பணமல்ல, ஒரு வீரரின் படம். என் அக்கா மகனுக்கு வந்தது கையுறை. பணம் திரும்பி வராத இடத்தில் இந்தச் சட்டங்களின் பிடி தளர்ந்துவிடுகிறது. வேறு இரண்டு சட்டக் கருவிகள் கைவசம் இருக்கின்றன. வாடிக்கையாளரை ஏமாற்றும் வடிவமைப்புகளைப் பற்றி 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும், ஓயாமல் நச்சரிப்பதும் அதில் உண்டு. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடவடிக்கையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்க வழி செய்கிறது. இந்த இரண்டையும் பிள்ளைகள் ஆடும் கேம்களின் மீது வைத்துப் பார்க்கும் வேலையை அரசு செய்ய வேண்டும். ஜெர்மனி செய்ததுபோல, வயது எண் போடும்போதே கடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதைக் கேட்பது பெற்றோரின் உரிமை.

அதுவரை அம்பயர் வேலை நம் வீட்டில்தான். இரண்டு வாரம் கழித்து மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். பையனிடம் தடை எதுவும் சொல்லவில்லை. அவனுடைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பென்சிலைக் கையில் கொடுத்தேன். "இன்னைக்கு நீதான் அம்பயர். கேம் உன்கிட்ட ஏதாவது கேட்டா ஒரு கோடு போடு. காசு கேட்டாலும் கோடு, விளம்பரம் பாக்கச் சொன்னாலும் கோடு, நாளைக்கு வான்னு சொன்னாலும் கோடு."

முதலில் விளையாட்டாகப் போட்டான். நாலு கோட்டுக்கு மேல் ஒரு குறுக்குக் கோடு, மறுபடி நாலு. அரை மணி நேரத்தில் ஐந்தைந்தாக நாலு கட்டு சேர்ந்தது, மேலே மூன்று. நோட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். எண்ணிப் பார்த்தான். "மேட்ச் அஞ்சு ஓவர்தான் சித்தி. அதுக்கு இருபத்து மூணு தடவையா கேக்கும்?" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. கடைதான் சரியில்ல" என்றான்.

அந்த கேம் இணையம் இல்லாமலும் ஓடும் என்பதை அவனே கண்டுபிடித்தான். டேட்டாவை அணைத்தான். விளம்பரம் போயிற்று, கடையின் கதவு சாம்பல் நிறமாக மங்கிப்போயிற்று. அணித்தலைவரின் மட்டை அதற்குள் உடைந்துவிட்டிருந்தது. கேம் தொடக்கத்தில் கொடுத்த சாதாரண மட்டையை எடுத்துக்கொண்டான்.

ஐந்து ஓவர் ஆடினோம். இடையில் எதுவும் கேட்கவில்லை. கடைசி ஓவரில் எட்டு ரன் வேண்டியிருந்தது. நான் தேர்ட் மேனை நிறுத்தவே மறந்துவிட்டேன். அதைப் பார்த்துத் தட்டிவிட்டான். பந்து நான்காக ஓடியது. ஜெயித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். "அம்மா, சாப்பாடு" என்று எழுந்து போனான்.

அக்காவுக்கு என் பதில் அந்தக் கவிழ்த்து வைத்த போன்தான்.